கடலோர வீட்டுக்கு ரீவி அன்ரெனா: செலவு எங்கே போகிறது?

திருகோணமலையின் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடைகளில் கிடைக்கும் அலுமினிய யாகி அன்ரெனா (ஒரு தண்டில் குறுக்குக் குச்சிகள் வரிசையாக உள்ளது) செற் விலைக்குத் தகுந்த பொருள்தான். ஆனால் செலவில் அது சின்னப் பங்கு. அன்ரெனாவை உயர்த்தும் 20 அடி ஜீஐ (நாகம் பூசிய இரும்பு) குழாயும் கேபிளும் கூலியும்தான் பணத்தை விழுங்கும்.

செற்றோடு வரும் மெல்லிய கேபிளை ஒதுக்கிவிடுங்கள். ரீவிக்கான 75 ஓம் ஆர்ஜி6 என்ற வகைக் கேபிளை, கறுப்பு உறையுள்ளதாக வாங்குங்கள். வெயிலில் வெள்ளை உறை சீக்கிரம் வெடிக்கும். நல்ல ஆர்ஜி6கூட யூஎச்எஃப் (ரீவி ஒளிபரப்புக்கான உயர் அலைவரிசை) சிக்னலில் 20 மீற்றருக்கு ஏறத்தாழ 4 டெசிபல், அதாவது பாதிக்கு மேல், இழக்கும். ஆகவே பூஸ்டர் (சிக்னலைப் பெருக்கும் கருவி) தேவையென்றால் அது குழாயின் உச்சியில், அன்ரெனாவுக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும். ரீவிக்குப் பின்னால் வைத்தால் இரைச்சலும் சேர்ந்தே பெருகும், காசு வீண்.

இங்கே முதல் எதிரி உப்புக்காற்று. அலுமினியத்தில் சாதாரண இரும்பு போல்ட் போட்டால் பிடி அரித்து, வாடைக்காற்றில் அன்ரெனா திரும்பிவிடும். துருப்பிடிக்காத உருக்கு போல்ட்டுக்குக் கொடுக்கும் கூடுதல் காசு வீணாகாது. இணைப்பின்மேல் சுய ஒட்டு இறப்பர் நாடா சுற்றவேண்டும். வெறும் இன்சுலேஷன் ரேப் போதாது. தண்ணீர் கேபிளுக்குள் இறங்கினால் முழுக் கேபிளையும் மாற்றவேண்டிவரும். மழைநீர் கேபிள் வழியே வீட்டுக்குள் வராமலிருக்க, சுவருக்குள் நுழையுமுன் கேபிளைக் கீழ்நோக்கி ஒரு வளையமாகத் தொங்கவிடுங்கள்.

10 அடிக்கு மேல் நிற்கும் குழாய்க்கு மூன்று பக்க இழுகம்பி கட்டாயம். மின்கம்பி பக்கத்தில் ஓடினால் அந்த இடமே வேண்டாம். புவித்தொடுப்பு (எர்த்) கூலியில் அடங்குமா என்று முன்பே கேளுங்கள், பலர் அதை விட்டுவிடுகிறார்கள்.