3எம் 1100 இயர் பிளக்: உறையில் உள்ள 29-ம் காதுக்குக் கிடைப்பதும்

ஆரஞ்சு நிறத்தில், முனை கூம்பிய பாலியுரேத்தேன் நுரை. கயிறு கோத்தது வேண்டுமென்றால் 1110 என்று கேட்க வேண்டும். விசைத்தறிக் கூடம், ஜெனரேட்டர் அறை, கிரைண்டிங் பட்டறை என இரைச்சலில் நிற்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். பொருளில் குறை சொல்ல அதிகமில்லை. போடும் விதத்தில்தான் பாதிப் பாதுகாப்பு வீணாகிறது.

பிளக் எத்தனை டெசிபெல் சத்தத்தைக் குறைக்கும் என்பதற்கு உறையில் என்ஆர்ஆர் 29, எஸ்என்ஆர் 37 என்று இரண்டு எண்கள் இருக்கும். முன்னது அமெரிக்க அளவு, பின்னது ஐரோப்பிய அளவு. இரண்டுமே ஆய்வகத்தில் எடுத்தவை. வேலையிடத்துக்கு 29-இல் 7-ஐக் கழித்து, மீதியைப் பாதியாக்கிக் கணக்கிடுவது பாதுகாப்பான வழக்கம். கிடைப்பது 11 டெசிபெல். 97 டெசிபெல் கூடத்தில் காதுக்குள் 86 போகும். 85 டெசிபெலில் 8 மணி நேரம்தான் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும். அந்தக் கணக்கில் வெறுங்காதோடு 97-இல் அரை மணி நேரம்தான் நிற்கலாம். 12 மணி நேர ஷிப்டு என்றால் 85-கூட அதிகம். அதனால் 11-ஓடு நிற்காமல் நன்றாகச் செருகி இன்னும் கூடுதலாகப் பெற வேண்டும்.

கையைக் கழுவுங்கள், எண்ணெயும் பஞ்சுத் தூசியும் நுரையில் ஒட்டினால் காது அரிக்கும். மடிப்பு விழாமல் மெல்லிய குச்சியாக உருட்டுங்கள். மடிப்பு இருந்தால் அந்த வரி வழியே சத்தம் புகும். எதிர்க் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காதுமடலை மேலும் பின்னுமாக இழுங்கள். வளைந்திருக்கும் சுமார் 2.5 செ.மீ. காதுக்குழாய் அப்போதுதான் நேராகும். உடனே செருகி, நுரை விரியும்வரை 30 முதல் 40 நொடி விரலால் பிடித்திருங்கள். பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது இங்கேதான்: சீக்கிரம் விட்டால் பிளக் பாதி வெளியே வந்துவிடும். உள்ளங்கைகளால் இரு காதையும் பொத்தி எடுத்துப் பாருங்கள். இரைச்சல் பெரிதாக மாறாவிட்டால் சரியாக அடைத்திருக்கிறது. உங்கள் குரல் உங்களுக்கே கனத்துக் கேட்பதும் நல்ல அறிகுறிதான்.

இன்னொரு பெரிய ஓட்டை, பேசுவதற்காகக் கழற்றுவது. 30 டெசிபெல் குறைக்கும் பிளக்கை 8 மணி நேரத்தில் மொத்தம் ஒரு மணி நேரம் கழற்றி வைத்தால் அன்றைய பாதுகாப்பு 9 டெசிபெலாகச் சுருங்கிவிடும். இது பலருக்கு நம்பவே முடியாத கணக்கு. கழற்றுவதென்றால் கூடத்துக்கு வெளியே வந்து கழற்றுங்கள்.

இவ்வளவு கறாராகச் சொல்லக் காரணம் உண்டு. உட்காதில் உள்ள நத்தை எலும்புக்குள், ஒலியை உணரும் மயிர் செல்கள் ஒரு காதுக்கு ஏறத்தாழ 15,000-தான் இருக்கின்றன. மனிதருக்கு அவை செத்தால் மறுபடி முளைப்பதில்லை. இரைச்சல் முதலில் தாக்குவது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியை. உயிரொலிகள் கீழ் அதிர்வெண்ணில் இருப்பதால் காதில் விழும். மேல் அதிர்வெண்ணில் இருக்கும் ச, ஸ போன்றவை நழுவும். அதனால்தான் "பேசுறது கேக்குது, என்னன்னுதான் புரியல" என்கிறார்கள். வேலை முடிந்து வந்ததும் காதில் ரீங்காரம் கேட்டால் அன்றைய பாதுகாப்பு போதவில்லை என்று பொருள்.

குறைகள்: ஒரே அளவில்தான் வருகிறது. சிறிய காதுக்குழாய் உள்ளவர்களுக்கு, குறிப்பாகப் பெண்கள் சிலருக்கு, சில மணி நேரத்தில் வலிக்கும்; அவர்கள் சிறிய அளவில் வரும் வேறு வகையைத் தேட வேண்டும். துவைத்துப் போடக் கூடாது, நுரையின் விரியும் திறன் போய்விடும். குறைந்த இரைச்சலுள்ள இடங்களுக்கு இது தேவைக்கு மேல், எச்சரிக்கை மணியும் வண்டி ஹாரனும் கேட்காமல் போகலாம். காதில் சீழ் வடிபவர்களும் செவிப்பறை ஓட்டை உள்ளவர்களும் காது மருத்துவரைக் கேட்காமல் போட வேண்டாம். எடுக்கும்போது வெடுக்கென்று இழுக்காமல், மெல்லத் திருகி அடைப்பைத் தளர்த்தி எடுங்கள்.