நீலகிரியில் பழைய பியானோ வாங்குவோர் கவனத்திற்கு

குன்னூரில் வசிக்கும் நான், மகளின் இசைப் பயிற்சிக்காகக் கடந்த ஐப்பசியில் ஓர் அப்ரைட் பியானோ (சுவரோரம் நிமிர்ந்து நிற்கும் வகை) வாங்கினேன். பழைய பொருள்களைப் புதுப்பித்து விற்கும் ஒருவரிடம் அதற்கு ஒன்றரை லட்சம் ரூபாய் கொடுத்தேன். லண்டன் ஜான் பிரின்ஸ்மீட் அண்ட் சன்ஸ் நிறுவனத்தின் தயாரிப்பு என்று சொல்லி விற்கப்பட்ட அந்தக் கருவிக்கும் அந்த நிறுவனத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதும், வெளிமரத்துக்குப் பாலிஷ் போட்டதைத் தவிர உள்ளே ஒரு பழுதும் நீக்கப்படவில்லை என்பதும் பிறகுதான் தெரியவந்தன. விவகாரம் நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் விற்றவரின் பெயரை எழுதவில்லை. ஆனால் எஸ்டேட் பங்களாக்களிலிருந்து வரும் பியானோ என்றால் இந்த மலையில் எப்போதும் கிராக்கி உண்டு என்பதால், ஏமாற்று நடந்த விதத்தை மற்றவர்கள் அறிந்திருப்பது நல்லது.

விற்பனையில் பாதி வேலையைச் செய்தது தயாரிப்பாளரின் வரலாறுதான். ஜான் பிரின்ஸ்மீட் 1814-இல் டெவன் பகுதியில் பிறந்தவர். லண்டனில் தொழில் தொடங்கி, 1878 பாரிஸ் கண்காட்சியில் பிரெஞ்சு அரசின் லீஜியன் ஆஃப் ஹானர் விருதைப் பெற்றவர். அவருடைய நிறுவனத்தை 1920களின் தொடக்கத்தில் கிரேமர் நிறுவனம் வாங்கிக்கொண்டது. இவை அனைத்தும் உண்மை. விற்றவரும் இவற்றைப் பிழையில்லாமல் சொன்னார். உண்மையான வரலாற்றைப் பொய்யான பியானோவின் மீது ஒட்டியதில்தான் அவருடைய சாமர்த்தியம் இருந்தது. இந்தப் பெயர் திருடப்படுவதும் புதிதல்ல. 1890களில் லண்டனிலேயே, அந்த நிறுவனத்தில் முன்பு வேலை பார்த்த, அதே குடும்பப் பெயர் கொண்ட சிலர் 'தாமஸ் எட்வர்ட் பிரின்ஸ்மீட் அண்ட் சன்ஸ்' என்று தனிக்கடை விரித்து, பின்னர் அதற்காக ஒரு கம்பெனி அமைத்துப் பொதுமக்களிடம் பங்குப் பணமும் திரட்டினார்கள். 1897-இல் நீதிமன்றம் அந்தக் கம்பெனியைக் கலைக்க உத்தரவிட்டது.

விற்றவர் தயாரிப்பாளரின் வரலாற்றோடு நிறுத்தியிருந்தால் அவருடைய கதையில் ஓட்டை இருந்திருக்காது. இந்தப் பியானோ 1895-இல் மலை ரயிலில் ஊட்டிக்கு வந்து இறங்கியது என்றும் ஒரு தாளில் தட்டச்சு செய்து கொடுத்திருந்தார். மேட்டுப்பாளையத்திலிருந்து ரயில் குன்னூருக்கு வந்ததே 1899-இல். ஊட்டியை எட்டியது 1908-இல். இதைச் சுட்டிக்காட்டியபோது, அப்படியானால் மாட்டு வண்டியில் வந்திருக்கும் என்று சற்றும் தயங்காமல் பதில் சொன்னார்.

கோளாறு தை மாதத்தில் வெளிப்பட்டது. பியானோவின் கம்பிகள் எல்லாம் சேர்ந்து 15 டன்னுக்கும் மேலான இழுவிசையில் நிற்கின்றன; அந்த இழுப்பு தளராமல் பிடித்து நிற்பவை, பின் பிளாக் எனப்படும் கெட்டி மரக்கட்டையில் அறையப்பட்டிருக்கும் இருநூறுக்கும் மேற்பட்ட டியூனிங் பின்கள், அதாவது கம்பிகள் சுற்றப்பட்ட முறுக்காணிகள். ஐப்பசி மழையில் மரம் ஈரம் குடித்து ஊதியிருக்கும்போது தளர்ந்த டியூனிங் பின்னும் இறுகியதுபோல் நிற்கும். பனிக்காலத்து வறண்ட காற்றில் மரம் சுருங்கியதும், டியூன் செய்த மறுநாளே சுரங்கள் இறங்கின. விற்றவர் கொடுத்த மூன்று மாத உத்தரவாதமோ அதற்குள் முடிந்திருந்தது. வாங்கும் நாளிலேயே பியானோ முழுவதும் அரைச்சுரம் தாழ்த்தி வைக்கப்பட்டிருந்தது. அது பழைய லண்டன் சுருதி என்பது அவர் தந்த விளக்கம். விக்டோரியா காலத்து லண்டன் கச்சேரிகளில் சுருதி இன்றைய 440 ஹெர்ட்ஸைவிட உயர்ந்து, 452 வரை இருந்தது என்பதே உண்மை. தளர்ந்த பின்கள் நழுவாமல் இருப்பதற்காக இழுப்பைக் குறைத்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

கோயம்புத்தூரிலிருந்து வந்த மூத்த டியூனர் ஒருவர் மேல் மூடியைத் திறந்து, பெடலுக்கு மேலிருக்கும் முன்பலகையையும் கழற்றினார். பின்களைச் சுற்றி மரத்தில் எண்ணெய்க் கறை இருந்தது. சில துளைகளில், பிடிப்பு கிடைப்பதற்காகப் பின்னோடு உப்புத்தாள் துண்டுகள் செருகப்பட்டு, விளிம்பு வெளியே எட்டிப் பார்த்தது. கம்பிகளைத் தட்டும் சுத்தியல்களின் கம்பளியைப் பூச்சி அரித்திருந்தது. கம்பிகள் கட்டப்பட்டிருக்கும் இரும்புச் சட்டத்தில் தயாரிப்பாளர் பெயர் வார்க்கப்பட்டிருந்த இடம் கிரைண்டரால் தேய்க்கப்பட்டு, அதன் மேல் புதிதாகத் தங்க நிறப் பெயின்ட் அடிக்கப்பட்டிருந்தது. ஆனால் கீழே, பெடல் கம்பிகளின் மறைவில், தேய்ப்பவரின் கை எட்டாத ஓரத்தில் 'பெர்லின்' என்ற சொல் மட்டும் புடைப்பெழுத்தில் தப்பியிருந்தது. "கம்பெனி பெயரை அழிச்சவன் ஊர்ப்பெயரை விட்டுட்டான் சார்" என்றார் அவர். விரல் வைத்து வாசிக்கும் கட்டைகளை மூடும் பலகையில் மின்னிய பிரின்ஸ்மீட் என்ற எழுத்து, பாலியூரித்தேன் (பி.யு.) பாலிஷுக்கு அடியில் ஒட்டப்பட்ட ஸ்டிக்கர். பெர்லின் பியானோ மட்டமானது என்று நான் சொல்லவில்லை. ஒழுங்காகப் பழுது பார்த்து, அதன் சொந்தப் பெயரிலேயே விற்றிருந்தால் ஒரு குறையும் இல்லை.

வெள்ளைக் கட்டைகள் அசல் யானைத் தந்தம் என்று அதற்கெனத் தனியாகவும் ஒரு தொகை வாங்கினார். தந்தம் பொதித்த கட்டைகளில் பெரும்பாலும் அகன்ற பகுதியும் குறுகிய பகுதியும் சேரும் இடத்தில் மெல்லிய இணைப்புக் கோடு தெரியும். இதில் கோடே இல்லை, வெறும் பிளாஸ்டிக். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தந்த வணிகம் தடைசெய்யப்பட்டது. ஆக, அவர் சொன்னது உண்மையாக இருந்திருந்தால் அது இன்னும் பெரிய குற்றம்.

ரசீதில் 'பழைய பியானோ – 1' என்று மட்டுமே எழுதியிருந்தார். தயாரிப்பாளர் பெயர், வரிசை எண், செய்த பழுது வேலைகள் ஆகியவற்றை ரசீதிலேயே எழுதித் தரும்படி கேளுங்கள். நல்லவேளையாக, ரயில் கதை தட்டச்சு செய்யப்பட்ட தாளிலேயே பிரின்ஸ்மீட் பெயரும் அவருடைய கையொப்பமும் இருப்பதால் அதுவே இப்போது என் முக்கியச் சான்று. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்துவிட வேண்டும்.

அதே நபர் இப்போது 'காலார்ட் அண்ட் காலார்ட்' என்ற இன்னொரு பழைய லண்டன் நிறுவனத்தின் பெயரில் மற்றொரு அப்ரைட்டைக் கோத்தகிரியில் காட்டி வருவதாக அறிகிறேன். யாராவது அதற்கு விலை பேசிக்கொண்டிருந்தால், முன்பணம் கொடுப்பதற்கு முன் பெடலுக்கு மேலிருக்கும் முன்பலகையைக் கழற்றி, டார்ச் வெளிச்சத்தில் இரும்புச் சட்டத்தின் பெயின்ட்டைப் பார்த்துவிடுங்கள்.