ஏழு வருடம், 63,000 கிலோமீட்டர்: மலைத்தோட்டத்துக்கு வாங்கிய பழைய ஜிப்சி

கொடைக்கானல் கீழ்மலையில் இருக்கும் தாண்டிக்குடியைத் தாண்டி, தார் ரோடு முடிந்த இடத்திலிருந்து இரண்டரை கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது எங்கள் காப்பித் தோட்டம். மூன்றரை ஏக்கர். வீடு மலைக்குக் கீழே வத்தலக்குண்டில். கோடையில் அந்தப் பாதைக்கு மொபட்டே போதும். ஐப்பசி பிறந்துவிட்டால் கதை வேறு. வடகிழக்குப் பருவமழையும் காப்பிப் பழம் பழுக்கிற பருவமும் ஒன்றாக வரும். செம்மண் வழுக்கும், பாறை மேலே தெரியும், இரண்டு இடத்தில் ஓடை குறுக்கே ஓடும். மூட்டையை இறக்க வாடகை ஜீப்புக்குக் காத்திருக்கணும். அவர் வருகிற நாளில் மழை பெய்தால் அதற்கடுத்த நாள். ஈரத்தில் இரண்டு நாள் கிடந்த பழத்தின் வாசனை எப்படி மாறும் என்று காப்பி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். 2017 அறுப்பில் அப்படி எட்டு மூட்டை வீணானபோதுதான் சொந்தமாக ஒரு ஃபோர் வீல் வண்டி (நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி) வாங்குவது என்று முடிவு செய்தேன்.

கையில் இருந்தது நாலு லட்சம். அதற்குள் வாங்கிச் சரிசெய்து ஓட்டவும் வேண்டும். மகிந்திரா தார் (Thar) வண்டியைத்தான் முதலில் பார்த்தேன். நல்ல நிலையில் இருந்ததெல்லாம் என் கணக்குக்கு மேலே போனது. பழைய மகிந்திரா ஜீப் எங்கள் மலையில் வீட்டுக்கு வீடு தெரிந்த வண்டி, வாழைத்தார் ஏற்றுவதற்கு அதை மிஞ்ச ஒன்றும் இல்லை. ஆனால் நான் வாரத்துக்கு மூன்று நாள் வீட்டிலிருந்து மேலே ஏறி இறங்குகிறவன். எடை குறைவான, பெட்ரோலில் ஓடுகிற வண்டி தேவைப்பட்டது. ஈரச் சேற்றில் எடை குறைந்த வண்டி மேலே மிதந்து போகும், கனமான வண்டி பள்ளம் தோண்டிக்கொண்டு உட்காரும். ஒரு டன்னை ஒட்டிய எடையில், ஏணி மாதிரியான சேசிஸ் (அடிச்சட்டம்), முன்னும் பின்னும் லீஃப் ஸ்பிரிங் (பட்டை ஸ்பிரிங்), நாலு சக்கரமும் மெதுவாக, கூடுதல் பலத்தோடு இழுக்கிற ஃபோர் லோ கியர் எல்லாம் சேர்ந்து என் பட்ஜெட்டில் கிடைத்தது மாருதி ஜிப்சி ஒன்றுதான்.

ஜிப்சி பற்றித் தெரியாதவர்களுக்கு நாலு வரி. 1985-ல் 970 சிசி என்ஜினோடு வந்தது. 1996-ல் 1.3 லிட்டர் என்ஜினோடு ஜிப்சி கிங். 2000-ல் அதே 1.3 லிட்டர், 16 வால்வ், எம்.பி.எஃப்.ஐ. (கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலை ஊசி வழியாகப் பீய்ச்சும் முறை), 80 குதிரைத்திறன். பட்ஜெட்டில் வாங்குகிறவர்கள் தேட வேண்டியது இந்த 2000-க்குப் பிந்தைய வண்டியைத்தான். கார்புரேட்டர் வண்டி விலை குறைவு என்றாலும் குளிர் காலை ஆறு மணிக்கு மலையில் அதைக் கிளப்பும் பொறுமை எனக்கு இல்லை. தவிர, எம்.பி.எஃப்.ஐ. என்ஜின் மாருதி எஸ்டீம் காரில் இருந்த அதே குடும்பம். என்ஜின் சாமான் எந்த ஊர் ஸ்பேர்ஸ் கடையிலும் கிடைக்கும்.

இனி, இந்தப் பதிவை எழுதக் காரணமான விஷயத்துக்கு வருகிறேன். மொத்தம் ஐந்து வண்டி பார்த்தேன். அதில் கோயம்புத்தூர் பக்கம் ஒரு வியாபாரியிடம் பார்த்தது கண்ணைப் பறித்தது. ராணுவப் பச்சை, அகலமான டயர், முன்னால் வின்ச் (வண்டியை இழுக்கும் கம்பிச் சுருள்) மாட்டிய பம்பர், உள்ளே புது சீட் கவர். 3,40,000 சொன்னார். நான் மனசுக்குள் வாங்கியே விட்டேன். கூட வந்த எங்கள் மெக்கானிக் அண்ணன் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. "தம்பி, மேல பாக்காத. கீழ படு" என்றார். சாக்கை விரித்து இரண்டு பேரும் அடியில் படுத்தோம். சேசிஸ் முழுக்கக் கறுப்புப் பெயிண்ட், வாடை கூடப் போகவில்லை. "நேத்து அடிச்சிருக்காய்ங்க" என்று சொல்லிவிட்டு ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் முன்னாலிருந்து பின்னால் வரை தட்டிக்கொண்டே போனார். டங், டங், டங். பின் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் ஹேங்கருக்குப் பக்கத்தில் மட்டும் 'டொக்' என்றது. ஸ்குரூ டிரைவரைத் திருப்பி நுனியால் ஒரு அழுத்து. விரல் நீளத்துக்கு உள்ளே போனது. பெயிண்ட் தோலோடு துருத்தூள் என் கழுத்தில் கொட்டியது. "என்ஜின் போச்சுன்னா ரெண்டு நாள்ல எறக்கி ஏத்திப்புடலாம். கியர் பாக்ஸ் போனா ஒரு நாளு. இது போச்சுன்னா வண்டியே இல்ல" என்றார் வெளியே வந்து. வியாபாரியிடம் நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை, கிளம்பிவிட்டோம்.

அன்றைக்குக் கற்றதுதான் பழைய ஃபோர் வீல் வண்டி வாங்குவதில் எனக்குத் தெரிந்த முக்கால்வாசி. சேசிஸ், ஸ்பிரிங் ஹேங்கர், பாடி மவுண்ட், கால் வைக்கிற தரைத் தகடு, கதவின் கீழ் விளிம்பு இவைதான் விலையைத் தீர்மானிக்க வேண்டும். டயரும் பம்பரும் கலரும் அல்ல.

நான் வாங்கிய வண்டி பொள்ளாச்சியில் கிடைத்தது. 2006 ஆகஸ்ட் பதிவு, சாஃப்ட் டாப், இரண்டாவது ஓனர், மீட்டரில் 88,000. தென்னந்தோப்பு வைத்திருந்த பெரியவர். வெளிறிய வெள்ளை நிறம், கிழிந்த கூரை, பார்த்தால் யாரும் நிற்க மாட்டார்கள். அடியில் படுத்தோம். மண் அப்பியிருந்தது, சுரண்டினால் கம்பெனிப் பெயிண்ட் தெரிந்தது. தட்டிய இடமெல்லாம் டங். 3,30,000-ல் ஆரம்பித்து 2,85,000-ல் முடித்தோம்.

ஃபோர் வீல் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. லிவர் விழுகிறது, அதனால் சரி என்று நம்பிவிடாதீர்கள். முன் சக்கரத்தின் நடுவே இருக்கும் ஹப்பில் ஃப்ரீ, லாக் என்று இரண்டு நிலை இருக்கும், லாக் செய்தால்தான் சக்கரம் ஆக்சிலோடு சேரும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, மற்ற சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஒரு முன் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்குங்கள். என்ஜின் ஆஃப், முதல் கியர், டூ ஹையில் (பின் சக்கரம் மட்டும் இழுக்கும் நிலை) லிவர், ஹப் ஃப்ரீயில் இருந்தால் சக்கரம் கையால் சுற்ற வேண்டும். இரண்டு பக்க ஹப்பையும் லாக் செய்து ஃபோர் ஹை (நாலு சக்கரமும் சாதாரண வேகத்தில் இழுக்கும் நிலை) போட்டுவிட்டுச் சுற்றினால் அசையக்கூடாது. அசைந்து சுற்றிக்கொண்டே இருந்தால் ஹப், முன் புரொபெல்லர் ஷாஃப்ட், ஆக்சில், இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் இவற்றில் எங்கோ ஒன்று கைவிட்டிருக்கிறது. அடுத்த பக்கச் சக்கரத்துக்கும் இதே சோதனை. பிறகு மண் தரையில் ஃபோர் லோ போட்டு மேட்டில் ஏற்றிப் பார்க்க வேண்டும். கியரிலிருந்து லிவர் தானாக நழுவி வெளியே வந்தால் அந்த வண்டி வேண்டாம். எனக்கு அந்தப் பெரியவர் தோப்புக்குள்ளேயே வரப்பு மேல் ஏற்றிக் காட்டினார்.

காகிதம் பற்றிச் சுருக்கமாக. சேசிஸ் எண்ணை ஆர்.சி.யில் உள்ள எண்ணோடு நீங்களே ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிடுங்கள். ஜிப்சி ராணுவத்தில் அதிகம் ஓடிய வண்டி என்பதால் ஏலத்தில் வந்தவை நிறைய சுற்றுகின்றன. வண்டி உறுதியாகவே இருக்கும், ஆனால் ஏலக் காகிதத்திலிருந்து ஆர்.சி. வரை சங்கிலி அறுபடாமல் இருந்தால் மட்டும் தொடுங்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. கடன் அடைந்தபின் ஆர்.சி.யில் இருக்கும் கடன் குறிப்பை நீக்கப் படிவம் 35. வெளி மாநில வண்டி என்றால் படிவம் 28-ல் என்.ஓ.சி.யும் (பழைய ஆர்.டி.ஓ. தரும் தடையில்லாச் சான்று), இங்கே வந்து கட்டவேண்டிய வரியும். அந்த வரியைக் கூட்டாமல் விலை மலிவு என்று நினைத்து மாட்டிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

நாலு லட்சத்தையும் வண்டி விலையிலேயே போட்டிருந்தால் நான் தொலைந்திருப்பேன். முதல் வருடம் மட்டும் 94,000 செலவு. நாலு டயர் 22,000. கிளட்ச் செட் 9,000. முன் ஆக்சில் கிங் பின் பேரிங்கும் ஆயில் சீலும் இரண்டு பக்கமும் 11,000. டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் 6,500. டிங்கரிங்கும் அடிப் பூச்சும் 18,000. பிரேக் வேலை 8,000. பெயர் மாற்றம், இன்ஷூரன்ஸ் 12,000. மீதி சில்லறை. இவற்றில் எதையும் தள்ளிப்போட முடியவில்லை. டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று விற்றவருக்குத் தெரியாவிட்டால், வாங்கிய வாரமே மாற்றிவிடுவதுதான் சரி.

கிங் பின் பேரிங் (முன் சக்கரம் இடமும் வலமும் திரும்ப உதவும் பேரிங்) பற்றி ஒரு வார்த்தை. வாங்கிய புதிதில் 60 வேகத்தில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும் ஸ்டீயரிங் இரண்டு பக்கமும் வெட்டி வெட்டி ஆடியது. பிரேக்கை மெல்லத் தொட்டு 40-க்கு இறக்கியபிறகுதான் அடங்கியது. பக்கத்தில் என் மகள் உட்கார்ந்திருந்தாள். முன்புறம் முழு ஆக்சில் உள்ள வயதான வண்டிகளில் பேரிங் தேய்ந்தால் இது வரும். வீல் பேலன்ஸிங் செய்தால் போதும் என்று சொல்லி அனுப்புவார்கள், கேட்காதீர்கள். முன் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

வாங்கி ஐந்து மாதத்தில் கஜா வந்தது. 2018 நவம்பர் 16 விடியலில் வேதாரண்யம் பக்கம் கரை ஏறிய புயல், திண்டுக்கல் வழியாக எங்கள் மலை மேலே போனது. இரண்டு நாள் கழித்து ரோட்டில் விழுந்த மரங்களை வெட்டி வழி விட்டபிறகு மேலே போனேன். தார் முடிகிற இடத்தில் இறங்கி இரண்டு ஹப்பையும் லாக் செய்தேன். டயர் காற்றை 26 பி.எஸ்.ஐ. அழுத்தத்திலிருந்து 18-க்கு இறக்கினேன். ஃபோர் லோ, இரண்டாம் கியர். ஆக்சிலரேட்டரை ஒரே அளவில் பிடித்துக்கொண்டு, கிளட்ச்சைத் தொடாமல் போக வேண்டும். மேட்டு வளைவில் முன் சக்கரம் வலது பக்கம் இழுத்துக்கொண்டு போனது, பின் சக்கரம் இடது பக்கம் சறுக்கியது, ஆனாலும் வண்டி நிற்காமல் நத்தை மாதிரி ஏறிக்கொண்டே இருந்தது. தோட்டத்தில் நிழல் மரங்கள் பதினொன்று சாய்ந்திருந்தன. கீழே உதிர்ந்த பழத்தைப் பொறுக்கி அன்றைக்கே ஆறு மூட்டை இறக்கினோம். இறங்கும்போது ஃபோர் லோ முதல் கியரில் போட்டு பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டேன். என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். சேற்று இறக்கத்தில் பிரேக்கை அழுத்தினால் சக்கரம் நின்று வண்டி வழுக்கும். இதை வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும்.

ஃபோர் வீல் இருந்தால் எங்கேயும் போகலாம் என்று இல்லை. 2020-ல் ஓடைக் கரையில் முன் இடது சக்கரமும் பின் வலது சக்கரமும் அந்தரத்தில் நின்றன. காற்றில் நின்ற இரண்டு மட்டும் சுற்றின, தரையில் இருந்த இரண்டும் சும்மா நின்றன. ஒரு ஆக்சிலின் இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடுகிற பல்சக்கர அமைப்புதான் டிஃபரன்ஷியல், அது அப்படித்தான் வேலை செய்யும். சக்கரத்துக்கு அடியில் கல்லை அடுக்கி ஏற்றி வர இரண்டு மணி நேரம். அன்றிலிருந்து கயிறு, மண்வெட்டி, இரண்டு கனமான பலகை எப்போதும் பின்னால் கிடக்கும்.

அதைவிடப் பெரிய தவறு தார் ரோட்டில் நடந்தது. மச்சான் வண்டியை எடுத்துக்கொண்டு போனவர், தோட்டத்தில் போட்ட ஃபோர் ஹையை எடுக்க மறந்து பெரும்பாறை வரை கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிவிட்டார். இந்த மாதிரி வண்டியில் முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் முன் சக்கரங்கள் கூடுதல் தூரம் போகணும், அந்த வித்தியாசம் மண்ணில் சறுக்கித் தீரும், காய்ந்த தாரில் தீராது. ஸ்டீயரிங் கல்லாகி, லிவர் வெளியே வராமல் இறுகிவிட்டது. போனில் சொல்லி, நேராகப் பத்தடி ரிவர்ஸ் எடுக்கச் சொன்னேன். டக்கென்று விட்டது. ஆனாலும் ஒரு மாதத்தில் முன் ஷாஃப்ட்டின் கிராஸ் (ஷாஃப்ட் முனையில் இருக்கும் சிலுவை வடிவ இணைப்பு) இரண்டும் மாற்ற வேண்டி வந்தது. வீட்டில் யார் ஓட்டினாலும் முதலில் இதைச் சொல்லிக்கொடுங்கள்.

தினசரி ஓட்டம் எப்படி என்று கேட்பவர்களுக்கு: முதுகு வலிக்கும். லீஃப் ஸ்பிரிங் தட்டும், பவர் ஸ்டீயரிங் இல்லை, ஏசி இல்லை, பின்னால் பக்கவாட்டு பெஞ்ச். சமவெளியில் லிட்டருக்கு 11 கிலோமீட்டர், மலையில் 8. டேங்க் 40 லிட்டர், வத்தலக்குண்டிலேயே நிரப்பிக்கொண்டுதான் ஏறுவேன். 80-க்கு மேல் சத்தத்தில் பேச முடியாது. நகரத்துக்குள்ளேயே ஓட்டுகிறவர், வருடத்தில் இரண்டு முறை மலைக்குப் போகிறவர் தயவுசெய்து வாங்காதீர்கள். காசையும் முதுகையும் காப்பாற்றிக்கொள்ளுங்கள். ஒன்று சொல்லவேண்டும், மழை விட்ட மாலையில் கூரையை மடித்துவிட்டு மெல்ல வரும்போது வளைவில் காட்டுமாடு கூட்டம் நின்றால், என்ஜினை நிறுத்திவிட்டுக் காத்திருக்கும் அந்தப் பத்து நிமிடம் எந்தக் காரிலும் கிடைத்ததில்லை.

மூன்றாம் வருடத்துக்குப் பிறகு செலவு அடங்கிவிட்டது. இப்போது வருடத்துக்கு 25,000 முதல் 30,000 வரை ஆகிறது, பெட்ரோல் தனி. மீட்டர் 1,51,000 காட்டுகிறது. என்ஜினை இதுவரை இறக்கவில்லை. ஜிப்சி பொது விற்பனை 2019-ஐ ஒட்டி நின்றுபோனாலும் சாமான் கிடைப்பதில் சிரமம் இல்லை. உள்ளூரில் கிடைக்காத ஆக்சில் சாமானை டெல்லி காஷ்மீரி கேட்டிலிருந்து பார்சலில் வரவழைக்கிறேன்.

15 வருடம் முடிந்து 2021-ல் ஆர்.சி. புதுப்பித்தபோது கட்டணம் 600 ரூபாய்தான். 2022 ஏப்ரலிலிருந்து அது 5,000 ஆகிவிட்டது, பசுமை வரி தனி. 15 வருடத்தை நெருங்கும் வண்டியைப் பேரம் பேசும்போது இதைச் சொல்லியே விலையைக் குறைக்கலாம். எனக்கு அடுத்த புதுப்பிப்பு 2026 ஆகஸ்டில். அதற்காகப் போன வாரம் மிதியடியைத் தூக்கிப் பார்த்தோம். டிரைவர் கால் வைக்கிற இடத்தில் தகடு ஓட்டை, சுண்டுவிரல் போகும். வெட்டி எடுத்துப் புதுத் தகடு வெல்டிங் வைக்க 4,500 சொல்லியிருக்கிறார் அண்ணன். அப்படியே சாக்கை விரித்து அடியிலும் படுத்தார். பின் ஹேங்கர் வரை தட்டினார். டங்.