ஸ்ட்ராட்டா, லெஸ் பாலா?

ஒரே ஒரு எலக்ட்ரிக் கிட்டார்தான் வாங்க முடியும், அதிலேயே ப்ளூஸ், ஃபங்க், ஜாஸ், ஹார்ட் ராக் எல்லாம் வாசிக்க வேண்டும் என்றால், பேச்சு பெரும்பாலும் இந்த இரண்டில்தான் வந்து நிற்கும்: 1952-இல் வந்த கிப்சன் லெஸ் பால், 1954-இல் வந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் (சுருக்கமாக ஸ்ட்ராட்).

லெஸ் பாலின் பலம், கம்பியின் அதிர்வை மின் சமிக்ஞையாக மாற்றும் அதன் ஹம்பக்கர் பிக்கப். இரண்டு சுருள்கள் சேர்ந்து மின் இரைச்சலை அடக்கிவிடும். ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனைக் கூட்டினாலும் ஒலி கனமாக, நீளமாக நிற்கும். கம்பி நீளம் 24.75 அங்குலம்தான். ஸ்ட்ராட்டின் 25.5 அங்குலத்தைவிடக் கம்பி சற்று இளக்கமாக இருப்பதால் பெண்டிங் (கம்பியை விரலால் வளைத்துச் சுருதியை ஏற்றுவது) சுலபம். ஆனால் எடை? பல லெஸ் பால்கள் 4 கிலோவைத் தாண்டும். இரண்டு மணி நேரம் நின்று வாசித்தால் தோள்பட்டை சொல்லிவிடும்.

ஸ்ட்ராட்டில் மூன்று சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள் பிக்கப்), எந்தப் பிக்கப் ஒலிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்க ஐந்து நிலை ஸ்விட்ச். இரண்டாவது, நான்காவது நிலைகளில் இரண்டிரண்டு பிக்கப்கள் சேர்ந்து, பளிச்சென்று, லேசாக மூக்கால் பேசுவது போல ஒலிக்குமே, ஃபங்க் ரிதத்துக்கு அதுதான் வேண்டும்! சுருதியை ஏற்றி இறக்கும் டிரெமோலோ கையும் உண்டு. குறை, தனி சிங்கிள் காயிலில் வரும் ரீங்காரம்.

அதனால் என் ஓட்டு, பிரிட்ஜ் (கம்பிகள் கிட்டார் உடலில் ஊன்றும் இடம்) பக்கம் ஒரு ஹம்பக்கர், மற்ற இரண்டும் சிங்கிள் காயில் என வைத்த எச்.எஸ்.எஸ். ஸ்ட்ராட்டுக்கு. லெஸ் பாலின் அடர்த்தி முழுதாக வராது. மற்ற எல்லாம் வரும். கடையில் முதலில் க்ளீன் ஒலியில் ஐந்து நிலைகளையும் கேளுங்கள், அப்புறம் டிஸ்டார்ஷன் போடுங்கள்.