புதிய டூ வீல் டிரைவா, பழைய ஃபோர் பை ஃபோரா: கொங்கு மலைத்தடங்களுக்கு ஒரு பிக்கப்

மலைக்கிராமங்களுக்கும் தோட்டத்துத் தடங்களுக்கும் ஏற்ற பிக்கப் ஒன்றைத் தேடுபவர், தம்மிடம் உள்ள தொகைக்குள் பெரும்பாலும் இரண்டு வண்டிகளுக்கு நடுவே நின்றுவிடுகிறார். ஒன்று, ஷோரூமில் புத்தம் புதிதாக நிற்கும், பின்சக்கரங்கள் மட்டும் தள்ளும் டூ வீல் டிரைவ் வண்டி. மற்றொன்று, நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும், ஐந்தாறு ஆண்டுகள் ஓடிய ஃபோர் பை ஃபோர். இந்தக் கேள்வியுடன் வரும் நண்பர்களுக்கு நான் சொல்லிவரும் விடை இதுவரை மாறியதில்லை: தார்ச்சாலையை விட்டு இறங்கும் எண்ணம் உண்மையாக இருக்குமானால், பழைய ஃபோர் பை ஃபோரையே எடுக்க வேண்டும். புதிய ஃபோர் பை ஃபோரே வாங்க வசதி உள்ளவரின் கணக்கு வேறு. அதைப் பின்னால் பார்க்கலாம்.

நம் பகுதியின் தடங்களை மனத்தில் வைத்துக்கொண்டுதான் வண்டியைப் பற்றிப் பேச வேண்டும். இருபுறமும் கிளுவை வேலி நெருங்கி நிற்க, நடுவே ஒரு மாட்டுவண்டி போகும் அகலமே உள்ள இட்டேரிகளில், நல்ல மழை பெய்தால் தண்ணீர் வாய்க்காலைப் போலவே ஓடும். கடம்பூர் மலையில் மாக்கம்பாளையம் செல்லும் வழியில் உள்ள குரும்பூர் பள்ளத்திலும் சர்க்கரைப்பள்ளத்திலும் வெள்ளம் வந்து ஊர் துண்டிக்கப்பட்ட செய்திகளை மழைக்காலங்களில் படித்திருக்கிறோம். பர்கூர் மலையில் தாமரைக்கரையைத் தாண்டி உட்கிராமங்களுக்குப் பிரியும் வழிகளில் ஏற்றமும் உருளும் கல்லும் சேர்ந்தே வரும். பல்லடம், உடுமலைப் பக்கத்துக் கரிசலோ நனைந்துவிட்டால் டயரின் பள்ளங்களை முழுக்க அடைத்து, எவ்வளவு நல்ல டயரையும் வழுவழுப்பாக்கிவிடும். சத்தியமங்கலம் 2013ஆம் ஆண்டிலிருந்து புலிகள் காப்பகம். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி வண்டியை இறக்குவது குற்றம், அதைச் சாகசம் என்று பேசுவோருடன் எனக்கு உடன்பாடு இல்லை. நான் இங்கே பேசுவது ஊர்களுக்குச் செல்லும் பொதுத்தடங்களையும் சொந்த நிலத்தையும் பற்றி மட்டுமே.

இத்தகைய தடங்களில் மற்ற வண்டிகளைவிட பிக்கப்புக்குத்தான் நான்கு சக்கர இயக்கம் அதிகம் தேவைப்படுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. எஞ்சினும் கியர்பாக்ஸும் பயணிகளும் முன்பாதியில் இருக்க, பின்னால் சரக்குத் தொட்டி காலியாக இருக்கும்போது, வண்டியைத் தள்ள வேண்டிய பின்சக்கரங்களின் மேல் எடை குறைவாகவே விழுகிறது. போதாக்குறைக்கு, சுமை தாங்குவதற்காகக் கட்டிய லீஃப் ஸ்பிரிங், காலி வண்டியில் விறைப்பாக இருந்து, மேடுபள்ளத்தில் சக்கரத்தைத் தரையோடு ஒட்டவிடாமல் எகிற வைக்கும். ஈரச் செம்மண் ஏற்றத்தில் டூ வீல் டிரைவ் பிக்கப் ஒன்று நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுற்றுவதற்கு இதுவே காரணம்; எஞ்சினின் குதிரைத்திறன் எவ்வளவு இருந்தாலும் அங்கே உதவாது. தொட்டியில் மணல் மூட்டைகளை ஏற்றிச் சமாளிப்பது நம் ஊரில் வழக்கந்தான் என்றாலும், பாரத்தோடு இறக்கத்தில் இறங்கும்போது பிரேக் படும் பாட்டையும் நினைக்க வேண்டும். ஃபோர் பை ஃபோர் வண்டியில் முன்சக்கரங்களும் இழுப்பதோடு, ‘ஃபோர் லோ’ என்னும் தாழ்ந்த பல்விகிதமும் கிடைக்கிறது. கல் நிறைந்த இறக்கத்தில் பிரேக்கைத் தொடாமல், எஞ்சினே வண்டியைப் பிடித்து நடைவேகத்தில் இறக்குவது அதனால்தான் முடிகிறது. இந்த ஒன்றைப் பின்னாளில் பணம் கொடுத்துப் பொருத்திக்கொள்ள முடியாது. நல்ல டயரும் சஸ்பென்ஷனும் எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் மட்டும் வண்டியோடு வந்தாக வேண்டும்.

புதிய வண்டிகளில் தேர்வு அதிகம் இல்லை. இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ் 2016இல் நம் நாட்டுக்கு வந்தது. 2021 முதல் 1.9 லிட்டர் டீசல் எஞ்சினுடன், 163 குதிரைத்திறன், 360 நியூட்டன் மீட்டர் இழுவிசையுடன் விற்கப்படுகிறது. டொயோட்டா ஹைலக்ஸ் 2022இல் வந்தது, 2.8 லிட்டர் எஞ்சின், 204 குதிரைத்திறன், ஆட்டோமேட்டிக் கியர் உள்ள வண்டியில் 500 நியூட்டன் மீட்டர் இழுவிசை, பின்சக்கரங்கள் இரண்டையும் ஒன்றாகச் சுற்ற வைக்கும் டிஃபரென்ஷியல் லாக், 700 மில்லிமீட்டர் ஆழத் தண்ணீரில் இறங்கும் திறன் என்று ஏட்டளவில் எல்லாவற்றிலும் ஒருபடி மேலே நிற்கிறது. இரண்டுமே ஏறக்குறைய 5.3 மீட்டர் நீளம் என்பதால், திம்பம் மலைச்சாலையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் எதிரே லாரி வரும்போது ஓட்டுநருக்குப் பொறுமை வேண்டும். இட்டேரியில் திருப்ப இடமே இருக்காது, பின்னோக்கி எடுக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

புதிய வண்டியின் உண்மையான பலம் பாதுகாப்பில் இருக்கிறது. மழையில் மலைச்சாலையில் காலிப் பிக்கப்பின் பின்பகுதி எளிதில் வழுக்கி விலகும். அதைத் தானே உணர்ந்து தனித்தனிச் சக்கரத்துக்குப் பிரேக் கொடுக்கும் நிலைப்புக் கட்டுப்பாடு இன்றைய வண்டிகளில் கிடைக்கிறது, பழையவற்றில் பெரும்பாலும் இல்லை. குடும்பத்தோடு கொல்லிமலைக்கோ வால்பாறைக்கோ அடிக்கடி செல்பவர் இதை அற்பமாக எண்ணக் கூடாது. இதற்கு நேர் எதிராக, பி.எஸ். 6 என்னும் புகை விதிக்கு உட்பட்ட டீசல் வண்டிகளில் உள்ள புகைக்கரி வடிகட்டி நம் பயன்பாட்டுக்கு ஒரு சுமை. அதில் சேரும் கரி, எஞ்சின் போதிய சூட்டில் சிறிது நேரம் சீராக ஓடினால்தான் எரிந்து வெளியேறும். தோட்டத்துக்கும் ஊருக்கும் நடுவே நாள் முழுதும் முதல், இரண்டாம் கியரில் ஊரும் வண்டியில் அது அடைத்துக்கொண்டு எச்சரிக்கை விளக்கை எரிய விடும். அவ்வப்போது அவிநாசிச் சாலையிலோ சேலம் நெடுஞ்சாலையிலோ அரைமணி நேரம் நிற்காமல் ஓட்டுவதுதான் அதற்கு மருந்து.

விலையை மட்டும் பார்த்துப் புதிய வண்டியை ஒப்பிடுபவர்கள் வரியை மறந்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட ஆயுட்கால வரியின்படி, 20 லட்ச ரூபாய்க்கு மேற்பட்ட கார் வகைக்கு 20 சதவீதம் கட்ட வேண்டும். 26 லட்ச ரூபாய் வண்டி என்றால் வரி மட்டுமே 5 லட்சத்து 20 ஆயிரம். வண்டியை விற்கும்போது இந்தத் தொகை எவர் கைக்கும் திரும்புவதில்லை. தமிழ்நாட்டிலேயே பதிவான பழைய வண்டியை வாங்குபவர் அந்த வரியை மறுபடி கட்டத் தேவையில்லை என்பதால், முதல் உரிமையாளர் கட்டிய வரியின் பயன் அவருக்கு வந்துசேர்கிறது.

பழைய வண்டிகளில் என் முதல் தேர்வு 2.5 லிட்டர் எஞ்சின் கொண்ட ஆரம்பகால வி-கிராஸ். திறன் இன்றையதைவிடக் குறைவு என்றாலும் இழுவிசை 320 நியூட்டன் மீட்டர். மலைத்தடத்துக்கு அது தாராளம். ஆரம்ப வண்டிகளில் வந்த 16 அங்குல ரிம்மும் எனக்குப் பிடித்தமானது. டயரின் பக்கச்சுவர் உயரமாக இருப்பதால் கல்லின் அடியை அது வாங்கிக்கொள்கிறது, 18 அங்குல ரிம்மில் அந்த இடைவெளி குறைவு. மஹிந்திரா ஸ்கார்பியோ கெட்அவேயும் டாடா ஸீனானும் விலையில் இன்னும் கீழே வரும். கெட்அவேக்கு ஸ்கார்பியோவின் பாகங்கள் பொருந்துவதால் அந்தியூரிலோ கோபியிலோ உள்ள சாதாரணப் பட்டறையிலேயே பல வேலைகள் முடியும். இசுசுவுக்குப் பல பாகங்களைக் கோவையில் சொல்லி வைத்துத்தான் வாங்க வேண்டியிருக்கும். ஆயினும் கெட்அவே, ஸீனான் வண்டிகளில் பெரும்பாலானவற்றில் ஏர்பேக் இல்லை. ஆரம்ப ஆண்டுகளின் வண்டிகளுக்கு 15 ஆண்டுப் பதிவுக்காலமும் முடிந்திருக்கும். சொந்தத் தோட்டத்துக்கு எடுக்கலாம், தொலைதூரப் பயணத்துக்குப் பரிந்துரைக்க மாட்டேன். பொலேரோ கேம்பரின் ஃபோர் வீல் டிரைவ் வண்டி எதற்கும் சளைக்காதது. ஆனால் அது மஞ்சள் போர்டு சரக்கு வண்டியாகவே பெரும்பாலும் கிடைக்கும், எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுக்கான செலவு தொடரும்.

பழைய வண்டியைப் பார்க்கப் போகும்போது பெயிண்ட்டையும் சீட்டையும் பார்ப்பதில் நேரத்தைச் செலவிட வேண்டாம். தார்ப்பாயை விரித்துப் படுத்து அடிப்பகுதியைப் பார்க்க வேண்டும். சேசிஸ் சட்டத்தில், குறிப்பாக லீஃப் ஸ்பிரிங்கைத் தாங்கும் இடங்களில், வெல்டிங் தழும்போ விரிசலோ இருந்தால் அந்த வண்டியை விட்டுவிடலாம். ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டைகள் செருகப்பட்டிருந்தால், வண்டி அளவுக்கு மீறிய பாரம் சுமந்திருக்கிறது என்று பொருள். அதன் பின் அச்சும் கிளட்ச்சும் பிரேக்கும் அந்தப் பாரத்தைச் சேர்த்தே சுமந்திருக்கும். இட, வலச் சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் முன், பின் டிஃபரென்ஷியல் இரண்டிலும், டிரான்ஸ்ஃபர் கேஸிலும் ஆயில் போல்ட்டைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது; ஆழத் தண்ணீரில் நின்ற வண்டி அது. முன்சக்கரத்து அச்சு முனைகளில் உள்ள ரப்பர் உறை கிழிந்திருந்தால் கிரீஸ் வெளியேறி மண் உள்ளே போயிருக்கும்.

நான்கு டயரும் ஒரே அளவில், ஒத்த தேய்மானத்தில் இருக்கின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும். முன்னும் பின்னும் வேறுபட்ட டயர்களோடு ஃபோர் பை ஃபோரில் ஓட்டிய வண்டியில், சக்கரங்கள் ஒவ்வொரு சுற்றிலும் வெவ்வேறு தூரம் உருண்டு, டிரான்ஸ்ஃபர் கேஸின் பற்களை முறுக்கித் தேய்த்திருக்கும். காய்ந்த தார்ச்சாலையில் ஃபோர் பை ஃபோரைப் போட்டு வளைத்து ஓட்டுவதும் இதே கேட்டைச் செய்யும். ஆகவே சோதனை ஓட்டத்தை உழுத காட்டிலோ மணல் படிந்த இடத்திலோதான் வைத்துக்கொள்ள வேண்டும். வண்டியை நிறுத்தி ஃபோர் லோவுக்கு மாற்றி, ஏற்றத்தில் ஒருமுறை, பின்னோக்கி ஒருமுறை எடுக்கச் சொல்லுங்கள். ஃபோர் லோ விளக்கு நிலையாக எரியாமல் மின்னிக்கொண்டே இருந்தாலோ, கரகரவென்று சத்தம் வந்தாலோ, விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். ஃபோர் லோவை வாங்கிய நாள் முதல் தொட்டதே இல்லை என்று விற்பவர் பெருமையாகச் சொல்வதுண்டு. ஃபோர் லோவுக்கு மாற்றும் மோட்டாரும் பல்லை நகர்த்தும் முள்ளும் பல ஆண்டுகள் அசையாமல் இறுகிப்போயிருக்கலாம் என்பதால் அங்கே இன்னும் கவனமாகச் சோதிக்க வேண்டும்.

கொங்குப் பகுதியிலேயே ஓடிய வண்டிக்குத் துரு குறைவு. கடலோர ஊர்களின் வண்டிகளில் சட்டத்தின் உட்புறத்தைத் தட்டிப் பார்ப்பது நல்லது. சென்னைப் பதிவெண் என்றால், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் நின்றதா என்று தெரிந்துகொள்ள, சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துச் சேற்றுக்கறை தெரிகிறதா என்று பாருங்கள். டில்லியில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகள் மீது தடை வந்த பிறகு, அங்கிருந்து பழைய டீசல் வண்டிகள் தெற்கே வந்தன. விலை ஆசை காட்டும், ஆனால் என்.ஓ.சி. என்னும் தடையில்லாச் சான்று வாங்கி இங்கே வரி கட்டி மறுபதிவு செய்யும் செலவையும் அலைச்சலையும் கூட்டினால் லாபம் மிஞ்சாது.

ஆர்.சி.யில் கடன் நிலுவை பதிவாகியிருந்தால், கடன் தீர்ந்ததைக் காட்டும் படிவம் 35ம் வங்கியின் கடிதமும் கைக்கு வராமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30இல் கையெழுத்து வாங்கியவுடன், இன்சூரன்ஸையும் 14 நாள்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இழப்பீடு கோராத ஆண்டுகளுக்காக விற்பவருக்குக் கிடைத்த போனஸ் சலுகை வாங்குபவருக்குச் சேராது என்பதால் பிரீமியம் கூடும். முன்பக்கத்தில் இரும்புக் கம்பி பம்பர் பொருத்திய வண்டிகள் இங்கே நிறைய உண்டு. மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே அதற்கு எதிராக உத்தரவிட்டது. ஏர்பேக் உள்ள வண்டியில் மோதலை உணரும் வேலைக்கும் அது இடைஞ்சல். வாங்கியவுடன் கழற்றிவிடுங்கள்.

புதிய ஃபோர் பை ஃபோருக்குப் பணம் போதும் என்றால், பத்தாண்டுக்கு மேல் வைத்து ஓட்டுபவருக்கு அது சரியான முடிவுதான். வரியும் தேய்மானமும் அத்தனை ஆண்டுகளுக்கும் பரவிவிடும், வண்டி எங்கே எப்படி ஓடியது என்பதும் முதல் நாளிலிருந்தே தெரியும். ஆண்டில் பெரும்பகுதி நெடுஞ்சாலையில் ஓடி, எப்போதாவது மலையேறுபவருக்கும் புதியதே ஏற்றது. மூன்று நான்கு ஆண்டுகளில் மாற்றிவிடும் பழக்கம் உள்ளவருக்கு மட்டும் அது பெரிய இழப்பு. ஹைலக்ஸுக்கும் வி-கிராஸுக்கும் நடுவே என்றால், தனியாகச் செல்பவருக்கு ஹைலக்ஸின் டிஃபரென்ஷியல் லாக் மதிப்புள்ளது. ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினாலும் மற்றச் சக்கரம் வண்டியை வெளியே எடுத்துவிடும்.

பழையதை எடுப்பவர் பேசிய விலைக்கு மேல் ஒரு தொகையைத் தனியாக ஒதுக்கி வைத்துக்கொள்ள வேண்டும். முதல் வாரத்திலேயே எஞ்சின், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், இரண்டு டிஃபரென்ஷியல் ஆகிய ஐந்து இடங்களிலும் ஆயிலை மாற்றி, பக்கச்சுவரில் அச்சிட்ட நான்கு இலக்க எண்ணில் வாரமும் ஆண்டும் பார்த்து, ஆறு ஆண்டு கடந்த டயர்களைக் கழித்துவிட்டு, நிறுவனம் சொன்ன அதே அளவில் மண்தடத்துக்கான ஆல் டெரெய்ன் டயர்களை ஸ்டெப்னி உட்பட ஐந்தாக வாங்கிப் பொருத்த வேண்டும்.