அத்தை நாலு கட்டைக்கு இறங்கினார், கிட்டாரும் இறங்கியது

எங்கள் வெள்ளிக்கிழமை பஜனையில் முன்பாட்டு அத்தைதான். எனக்கு நினைவு தெரிந்து அவர் சுருதி 5 கட்டை, அதாவது ஜி. நானும் கிட்டாரில் ஜி, சி, டி, இ மைனர் என்று நாலு கார்டை வைத்துக்கொண்டே பன்னிரண்டு வருஷம் ஓட்டிவிட்டேன். போன தீபாவளிக்குப் பிறகு அத்தைக்கு மேல்ஸ்தாயி எட்டவில்லை. "நாலுக்கு இறக்கிடுடா" என்றார்.

4 கட்டை என்றால் எஃப். எஃப், பி ஃபிளாட் இரண்டுமே பார் கார்ட், ஒரே விரலைக் கம்பிகளின் குறுக்கே படுக்க வைத்து அழுத்த வேண்டும். ஒன்றரை மணி நேரம் அப்படிப் பிடித்தால் மறுநாள் டம்ளரைத் தூக்க முடியாது. மிருதங்கக்காரர் பாவம், வேறு மிருதங்கம் சுமந்து வந்தார். எனக்கென்ன, ஆறு திருகுதானே? எல்லாக் கம்பியையும் ஒரு முழு ஸ்வரம் இறக்கினால் விரல் பழைய ஜி-யிலேயே இருக்கும், காதுக்கு எஃப் கேட்கும்.

இறக்கினேன். என் யமஹா எஃப்ஜி 800 கிட்டாரின் ஆறாம் கம்பி, அதாவது தடித்த கம்பி, சட்டிக்குள் வண்டு புகுந்த மாதிரி இரைந்தது. கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் சுருதி மேலே ஏறியது. அத்தை பாட்டை நிறுத்தாமலே திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பிறகுதான் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் கிட்டார் பழுது பார்க்கும் கடைக்குப் போனேன்.

ஜாலான் துன் சம்பந்தனிலிருந்து உள்ளே திரும்பினால் ஒரு பழைய கடைவரிசை, அதன் இரண்டாவது மாடி. லிஃப்ட் கிடையாது. கார் நிறுத்த இடம் தேடுவதற்குள் ஒரு தே தாரிக் குடித்துவிடலாம். பழுது பார்ப்பவர் அறுபதைத் தாண்டிய சீன அங்கிள், பேச்செல்லாம் மலாயில். கம்பியைத் தட்டிப் பார்த்துவிட்டு "துக்கார் தாலி" என்றார். கம்பியை மாற்று என்று அர்த்தம். கூடவே வந்திருந்த அத்தை தன் கழுத்தைத் தொட்டுக்கொண்டு, "அம்பது வருஷமா மாத்தாதத இவரு மாத்தச் சொல்றாரே" என்று சிரித்தார். அங்கிளுக்கு ஒன்றும் புரியவில்லை, அவரும் சேர்ந்து சிரித்தார்.

அவர் சொன்ன கணக்கை வீட்டில் போட்டுப் பார்த்தேன், சரியாகவே வந்தது. ஒரு முழு ஸ்வரம் இறக்கினால் அதிர்வெண் சுமார் 11 சதவீதம் குறையும், ஆறாம் கம்பி 82.4 ஹெர்ட்ஸிலிருந்து 73.4-க்கு வரும். ஆனால் கம்பியின் இழுவை அதிர்வெண்ணின் வர்க்கத்தோடு போகிறது, அதனால் 20 சதவீதத்துக்கு மேல் விழுந்துவிடும். தளர்ந்த கம்பி அகலமாக ஆடி, கழுத்தில் பதித்த ஃபிரெட் பட்டைகளில் இடிக்கும். கழுத்தை முன்னால் இழுக்கும் பலமும் குறைவதால் கழுத்து நிமிர்ந்து, இருந்த கொஞ்ச இடைவெளியும் போய்விடும். என் கிட்டாரில் இருந்தது 12-53 கம்பி, அதாவது முதல் கம்பியின் தடிமன் அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்கு, ஆறாவது 53. அங்கிள் எடுத்துக் கொடுத்தது டடாரியோ இஜே17, அதாவது 13-56. முதல் கம்பி 12-லிருந்து 13 ஆனாலே இழுவை 17 சதவீதம் கூடும். அதை ஒரு ஸ்வரம் இறக்கினால் பழைய இழுவைக்குக் கிட்டத்தட்ட வந்து நிற்கிறது, நூற்றுக்கு ஏழு மட்டும் குறைவு.

கம்பியை மட்டும் மாற்றிக்கொண்டு வந்திருந்தால் பாதி வேலைதான். தடித்த கம்பி நட்டின் (கழுத்தின் மேல்முனையில் கம்பியைத் தாங்கும் பட்டை) பழைய பள்ளத்தில் உட்காராது, டியூன் பண்ணும்போது சிக்கிச் சிக்கி 'டிங்' என்று எகிறும். அங்கிள் சின்ன அரத்தால் பள்ளங்களை அகலப்படுத்தினார், ஆழப்படுத்தவில்லை. கழுத்துக்குள் ஓடும் டிரஸ் ராட் என்ற இரும்புத் தண்டைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் தளர்த்தினார். கீழ்ப்பக்கம் கம்பியைத் தாங்கும் சேடிலில் கையே வைக்கவில்லை. தேவையில்லாததைச் செய்து பில் போடாத ஆள்.

கம்பிக்கு 45 வெள்ளி (ரிங்கிட்), கூலி 100 வெள்ளி.

இப்போது சத்தம் எப்படி? ஜி பிடித்து ஒருமுறை தட்டினால் அடியில் எஃப் வயிற்றில் கேட்கிறது. அத்தை குரலுக்குக் கீழே பாய் விரித்த மாதிரி. ஆனால் ஹார்மோனியத்தின் இடது பக்கமும் நானும் ஒரே இடத்தில் மோதுகிறோம், அப்போது எல்லாம் சேர்ந்து கூழாகிவிடுகிறது. அதனால் ஆறாம் கம்பியை நாலடிக்கு ஒருமுறைதான் தொடுகிறேன், கம்பியை மீட்டும் பிக்கும் மெல்லியதாக மாற்றிவிட்டேன். முதல் வாரம் விரல் எரிந்தது, அப்புறம் பழகிவிட்டது. பெரியப்பா மகள் இன்னும் 5 கட்டையில்தான் பாடுகிறாள், அவள் பாட்டுக்கு இரண்டாம் ஃபிரெட்டில் காப்போ (எல்லாக் கம்பியையும் சேர்த்து அழுத்தும் கவ்வி) மாட்டினால் போதும்.

குறையும் உண்டு. புதன்கிழமை தருகிறேன் என்றவர் பதினோரு நாள் கழித்துத்தான் கொடுத்தார். நடுவில் வந்த வெள்ளிக்கிழமை நான் வெறும் கைத்தாளம். அதைவிடப் பெரியது இது: எடுக்கப் போனபோது கடைப் பையன் 13-56 கம்பியை இறக்காமல் அப்படியே வழக்கமான ஸ்டாண்டர்ட் சுருதிக்கு முறுக்கித் தொங்கவிட்டிருந்தான். நம் ஊர் ஈரத்தில் ஏற்கெனவே கிட்டார் வயிறு உப்பும், அதன்மேல் இந்த இழுவை வேறு. நல்லவேளை, ஒரு ராத்திரியோடு போனது. அங்கிள் பையனை முறைத்துவிட்டு, ஒரு துண்டு டேப்பில் கம்பிக்குக் கம்பி டி, ஜி, சி, எஃப், ஏ, டி என்று எழுதி என் கிட்டார் தலைக்குப் பின்னால் ஒட்டினார். நீங்கள் போனால் அந்த டேப்பை முதலிலேயே ஒட்டச் சொல்லுங்கள்.