ஃபிளவர்ஹார்ன் ஜோடியா, கான்விக்ட் ஜோடியா?

வீட்டுத் தொட்டியில் சிக்லிட் (முட்டையையும் குஞ்சையும் காத்து வளர்க்கும் மீன் குடும்பம்) குஞ்சு எடுக்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஃபிளவர்ஹார்ன் மாதிரி கலப்பின மீனில்தான் போய் நிற்கிறார்கள். நான் இரண்டையும் வளர்த்துப் பார்த்துவிட்டு, கான்விக்ட் என்கிற, கறுப்புக் கோடு போட்ட, கலப்பில்லாத சின்ன சிக்லிட் பக்கம் வந்தவன். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அழகில் போட்டியே கிடையாது, ஃபிளவர்ஹார்ன்தான். மத்திய அமெரிக்க சிக்லிட்கள் சிலவற்றைக் கலந்து 1990களில் மலேசியாவில் உருவாக்கிய மீன் அது. நெற்றிப் புடைப்பும், உடம்பில் மின்னும் முத்துப் புள்ளிகளும், ஆளைக் கண்டதும் கண்ணாடிக்கு ஓடி வரும் குணமும் கான்விக்டிடம் கிடையாது. ஆனால் 30 செ.மீ. வரை வளரும், இடம் நிறைய வேண்டும். கான்விக்ட் ஜோடிக்கு 100 லிட்டர் தொட்டி போதும். தீனி, தண்ணீர்ச் சூடு எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

ஜோடி சேர்ப்பதிலேயே வித்தியாசம் தெரிந்துவிடும். ஃபிளவர்ஹார்ன் ஆண், பெண்ணை அடித்தே கொன்றுவிடும், அதனால் நடுவே தடுப்பு வைத்துப் பழக்க வேண்டும். அப்படியும் ஆண்களில் கணிசமானவை மலடாக இருக்கும், முட்டை மொத்தமும் வெள்ளையாகிப் பூஞ்சை பிடிக்கும். பிளட் பேரட் என்ற இன்னொரு கலப்பின சிக்லிட்டின் ஆண்களும் பெரும்பாலும் இதே கதைதான். ஃபிளவர்ஹார்னிலேயே கம்ஃபா என்றொரு வகை உண்டு, அதை நான் வளர்த்ததில்லை, அதில் மலட்டு ஆண்கள் இன்னும் அதிகம் என்று வளர்ப்பவர்கள் சொல்லக் கேட்டதுதான்.

சரி, முட்டை பொரித்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்புறம் அந்தக் குஞ்சுகளை என்ன செய்வது? என் முடிவை மாற்றியது இந்தக் கேள்விதான். ஃபிளவர்ஹார்ன் குஞ்சுகள் நூற்றுக்கணக்கில் வரும், ஒரே வயிற்றுக் குஞ்சுகளே ஒன்றுக்கொன்று ஒத்திருக்காது. எதற்குப் புடைப்பு வரும், எதற்கு நிறம் ஏறும் என்பது தெரிய மாதக்கணக்கில் வளர்க்க வேண்டும். நடுவில் நிறம் மங்கிக் கறுத்துப் போகும் ஒரு கட்டம் வேறு வரும், அந்த நேரத்தில் நல்ல குஞ்சையும் சாதாரணக் குஞ்சையும் பிரிக்கவே முடியாது. அதற்குள் ஒன்றையொன்று கடிக்க ஆரம்பிக்கும், தனித்தனி இடம் கேட்கும். கடைசியில் தேறுவது சில, மிச்சமெல்லாம் யாரும் வாங்காத மீன். அவற்றை ஏரியிலோ குளத்திலோ கொண்டுபோய் விடவே கூடாது, மலேசியா, சிங்கப்பூர் நீர்நிலைகளில் ஃபிளவர்ஹார்ன் ஏற்கெனவே இடம் பிடித்துவிட்டது. கலப்பினம் என்று சொல்லாமல் அடுத்தவருக்குக் கொடுத்தால் அவர் வைத்திருக்கும் நல்ல வகையோடும் கலந்துவிடும்.

கான்விக்டில் இந்தத் தலைவலி பாதிகூட இல்லை. குஞ்சுகள் எல்லாம் தாய் தகப்பன் மாதிரியே வளரும், இரண்டு மூன்று செ.மீ. ஆனதும் கொடுத்துவிடலாம், வாங்குபவருக்கும் எது வளரும் என்று தெரியும். அடிக்கடி முட்டையிட்டுக்கொண்டே இருக்கும் என்பதால் வாங்க ஆள் தீர்ந்துபோவதும் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆட்கள் தீர்ந்தால், முட்டையிடத் தொட்டிக்குள் வைத்த மண்சட்டியை முட்டையோடு எடுத்துவிடுங்கள்.

வளர்ப்பில் கிடைக்கும் சந்தோஷமும் இதில்தான் அதிகம். மூன்று நாளில் பொரித்து, வாரத்துக்குள் குஞ்சுகள் நீந்தத் தொடங்கிவிடும். தாய் கீழே இறங்கித் துடுப்பைப் படபடவென்று அடித்து அடிமண்ணைக் கிளப்பும், கிளம்பியதைக் குஞ்சுகள் மொய்த்துத் தின்னும். உதிர்ந்த இலையைக் கவ்வித் தூக்கி அடியில் இருப்பதைக் காட்டுவதும் உண்டு. இருட்டுகிற நேரத்தில் வழிதவறிய குஞ்சை வாயில் கவ்விக் கொண்டுவந்து கூட்டத்தில் துப்பும். பெண்ணின் வயிற்றில் ஆரஞ்சு நிறம் இருக்கும், அதைக் கொண்டே ஆண், பெண் தெரிந்துகொள்ளலாம்.

தொடங்குகிறவர்கள் பெரிய ஜோடியைத் தேடி அலைய வேண்டாம். ஆறு சின்னக் குஞ்சுகளை ஒரே தொட்டியில் விடுங்கள், இரண்டு தானாகவே சேர்ந்து ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை விரட்டும். அன்றைக்கே மிச்ச நான்கையும் வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டு, ஒரு சின்ன மண்சட்டியைக் கவிழ்த்து வையுங்கள். ஃபில்டர் ஸ்பாஞ்ச் வகையாக இருக்கட்டும், மற்றது குஞ்சை உறிஞ்சிவிடும்.